முப்பத்தெட்டு ஆறானது

பேருந்து அதற்கு மேல் போகாது. கல்குவாரி லாரிகள் மட்டும் அந்த வளைவைத் தாண்டி மேட்டில் ஏறும். பேருந்து அங்கேயே ஒருமுறை பின்னால் வந்து, முன்னால் போய், மூக்கைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே இறங்கிவிடும். அந்தத் திருப்பத்துக்கு எதிரே தகரக் கூரை போட்ட இரண்டு அறைக் கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் சுகாதார நிலையம். முன்னறையில் வைத்தியம், பின்னறையில் நர்சம்மாவின் குடித்தனம். தனி ஆளுக்குக் குடித்தனம் என்ற சொல் கொஞ்சம் பெரியதுதான்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. அங்கே வந்து பதினான்கு வருடம். பெற்றவர்கள் வைத்த பெயர் பணி ஆணையில் மட்டும் இருந்தது. குவாரி வீடுகளில் இருந்தவர்களுக்கு அவள் நர்சம்மா, பிள்ளைகளுக்கு ஊசியம்மா. கணவர் ஒருவர் இருந்தார், இப்போதும் இருக்கிறார். அங்கே வந்த மூன்றாம் வருடம், "அக்கா வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வரேன்" என்று ஒரு பையோடு பேருந்து ஏறினார். பத்து நாள் ஒரு மாதமாயிற்று, மாதம் வருடமாயிற்று. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை போட்டிருந்தாலாவது சமாதானம் ஆகியிருக்கலாம். கல் தூசியும், வெடிச் சத்தமும், பேச ஆளில்லாத மாலைகளும் அவருக்கு ஒத்துவரவில்லை, அவ்வளவுதான். எப்போதாவது தொலைபேசியில் கூப்பிடுவார். "சாப்பிட்டியா?" என்பார். "ஆச்சு. நீங்க?" என்பாள். அதற்குப் பிறகு இரண்டு பேருமே மற்றவர் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அவளோடு கூட இருந்தவை பதினான்கு பதிவேடுகள். கர்ப்பிணிகளுக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று, தடுப்பூசிக்கு ஒன்று, பிள்ளைகளின் எடைக்கு ஒன்று. பிறகு காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல், மருந்து இருப்பு என்று போய், குளிர்பெட்டியின் சூட்டைக் காலையும் மாலையும் பார்த்து எழுதும் சின்ன நோட்டில் முடியும். ஒரு குழந்தைக்கு ஊசி போட ஒரு நிமிடம் என்றால், அதை நாலு இடத்தில் எழுத ஏழு நிமிடம். மாதக் கடைசியில் இத்தனையும் கூட்டி, பதினொரு பக்க அறிக்கையில் இருநூற்று முப்பத்தாறு கட்டங்களை நிரப்பி, மூன்றாம் தேதி காலை பேருந்தில் கொடுத்தனுப்ப வேண்டும்.

அந்த வேலையை அவள் ஏனோதானோவென்று செய்யவில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று வளர்ந்தவள். ஒரு கட்டத்துக்கு ஆள் யாரும் வரவில்லை என்றால் அதை வெறுமனே விடமாட்டாள். சுழித்து ஒரு பூஜ்யம் போடுவாள். இல்லை என்று சொல்வதும் ஒரு பதில்தான், பேசாமல் இருப்பதுதான் பதில் இல்லை என்பது அவள் கட்சி. கூட்டும்போது வாய்விட்டு எண்ணுவாள். அந்த அறையில் ஒரு மனிதக் குரல் கேட்க அதுவும் ஒரு வழி.

"என்ன நர்சம்மா, இந்த மாசமும் பிரசவம் ஆயிடுச்சா?" என்பார் நடத்துநர், உறையை வாங்கிக் கையில் எடை பார்த்துக்கொண்டே. "தவறாம பெத்துப் போடறீங்க. வளக்கறவங்க யாருன்னுதான் தெரியல."

அவர் விளையாட்டாகச் சொன்னார். அவளுக்கு அது தைத்தது. மாவட்ட அலுவலகத்திலிருந்து அந்த அறிக்கைகளைப் பற்றி ஒருநாளும் ஒரு வார்த்தை வந்ததில்லை. கிணற்றில் கல் போட்டாலாவது ஒரு சத்தம் கேட்கும்.

கடைசிப் பக்கத்தின் அடியில் 'குறிப்பு' என்று இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடம் இருந்தது. அதில் 'தராசு பழுது. வேறு தேவை' என்று பத்தொன்பது மாதம் தொடர்ந்து எழுதினாள். இருபதாம் மாதம் தராசை விட்டுவிட்டு, 'இங்கே நல்ல மழை' என்று எழுதினாள். யாரும் கேட்கவில்லை. அடுத்த மாதம், 'நேற்று இரட்டைக் குழந்தைகள். இரண்டும் பெண். இரண்டும் அழுதன, நானும்' என்று எழுதினாள். அதற்கும் அடுத்த மாதம், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்து, 'இதைப் படிப்பவர் நலமா?' என்று எழுதி, கூச்சத்தோடு உறையை ஒட்டினாள். பதில் இல்லை.

ஒருநாள் அவளுக்குக் கோபம் வந்தது. அந்தச் சுற்று வட்டாரத்தில் மொத்தம் இரண்டாயிரத்து நூற்று நாற்பது பேர். அறுபது வயதைத் தாண்டிய நோயாளிகள் எத்தனை பேர் வந்தார்கள் என்ற கட்டத்தில் ஒன்பதாயிரம் என்று எழுதி அனுப்பினாள். யாராவது கூப்பிட்டுத் திட்டட்டும் என்றுதான். திட்டுகிறவர்களும் மனிதர்கள்தானே.

யாரும் கூப்பிடவில்லை. வருடக் கடைசியில் ஒரு சான்றிதழ் வந்தது. 'காலந்தவறாமல் அறிக்கை அனுப்பிய நிலையம்.' அதைப் பார்த்து அவள் சிரித்தாள். தகரக் கூரையில் பட்டுத் திரும்பிய அந்தச் சிரிப்பு அவளுக்கே யாரோ போல் இருந்தது. சான்றிதழை மாட்டவில்லை. மருந்து அலமாரியின் அடித்தட்டில் விரித்தாள். டானிக் பாட்டில் ஒழுகினால் உறிஞ்சிக்கொள்ளும்.

அதன் பிறகு அவளுக்குள் ஏதோ ஓர் ஆணி கழன்றது. காய்ச்சலில் கிடந்த இரண்டு மாதம், பிள்ளைகளின் எடைப் பதிவேட்டை மனத்துக்குத் தோன்றியபடி நிரப்பினாள். இதையும் சொல்லிவிட வேண்டும். அவள் பின்னால் தானே சொன்னாள்.

அந்த நாட்களில் அவளோடு கொஞ்சமாவது பேசியது வாலு மட்டும்தான். குவாரியில் கல் உடைக்கும் ஒருத்தியின் மகள், நாலு வயது. வால் ஒன்றுதான் பாக்கி என்பதால் அந்தப் பெயர். தாய் வேலைக்குப் போகும்போது நிலையத்து வாசலில் விட்டுவிட்டுப் போவாள். வாலு பெஞ்சில் ஏறி நின்றுகொண்டு, நர்சம்மா வாய்விட்டு எண்ணுவதை வேடிக்கை பார்ப்பாள்.

"ஊசியம்மா, நீ யாரைக் கூப்பிடற?"

"யாரையும் கூப்பிடல. எண்ணறேன்."

"எண்ணி?"

"எழுதி அனுப்புவேன்."

"யாருக்கு?"

நர்சம்மா, "கேள்வி கேட்டா ஊசி போட்டுடுவேன்" என்று மிரட்டி வைத்தாள். வாலு பயப்படவில்லை, சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினாள்.

மார்ச் மாதத்தில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. மாதத்துக்கு ஐந்து பேர், ஆறு பேர் என்று வருவது வழக்கம். பிப்ரவரியில் ஆறு. மார்ச்சில் பத்தொன்பது. அத்தனை பேரும் குவாரி வீடுகளின் கீழ் வரிசைக்காரர்கள். பதிவேட்டில் விலாசம் எழுதும்போதே அவளுக்கு அது உறுத்தியது. கீழ் வரிசைக்குத் தண்ணீர் வரும் குழாயில் ஏதோ கோளாறு என்று எண்ணினாள். மாவட்ட அலுவலகத்துக்குத் தொலைபேசி செய்தாள்.

"அறிக்கையில எழுதுங்கம்மா. வந்ததும் பாக்கறோம்" என்றது ஒரு குரல்.

"அறிக்கை மூணாம் தேதிதான் வரும். இங்க இப்பவே..."

"எல்லாத்துக்கும் ஒரு முறை இருக்குல்லம்மா."

மூன்றாம் தேதி அனுப்பினாள். 'வயிற்றுப்போக்கு: 19' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டாள். ஏப்ரல் பாதியில் மருந்துப் பெட்டி வந்தது. திறந்து பார்த்தால் உப்புச் சர்க்கரைப் பொட்டலம் பதினெட்டுதான் இருந்தது. ஆளுக்கு மூன்று என்று வைத்தால் ஆறு பேருக்கு. பெட்டி கட்டியவர் கைத்தவறாக எண்ணியிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்து யோசிக்க நேரம் இல்லை. வாசலில் கூட்டம்.

ஏப்ரலில் முப்பத்தெட்டு பேர். பொட்டலம் நாலே நாளில் தீர்ந்தது. வீட்டு உப்பையும் சர்க்கரையையும் கரைத்துக் கொடுக்கக் கற்றுத் தந்தாள். தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொல்லித் தொண்டை வற்றக் கத்தினாள். விறகில்லாத வீட்டில் எதை வைத்துக் கொதிக்க வைப்பது? கரைத்த தண்ணீரே அந்தக் குழாய்த் தண்ணீர்தான்.

இருபத்தேழாம் தேதி காலை, பத்து மணி இருக்கும். வாலுவின் அம்மா பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். விடிகாலையிலிருந்து போகிறது என்றாள். வாலுவின் கண் குழிந்துவிட்டிருந்தது. வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் கிள்ளிய மேடு அப்படியே நின்றது. கரைத்துக் கொடுத்ததெல்லாம் வாந்தியாக வந்தது. நரம்பில் ஏற்ற வேண்டும். நிலையத்தில் சலைன் பாட்டில் கிடையாது, கேட்டு எழுதியும் வந்ததில்லை. கல் ஏற்றிப் போன ஒரு லாரியை நடு ரோட்டில் நின்று மறித்தாள் நர்சம்மா.

"நீங்களும் வாங்க நர்சம்மா" என்றாள் வாலுவின் அம்மா, லாரியில் ஏறியபடி.

நிலையத்துக்குள்ளே பதினோரு பேர் கிடந்தார்கள். அதில் இரண்டு கைக்குழந்தை. நர்சம்மா ஒரு காலை லாரிப் படியில் வைத்தாள், பிறகு இறக்கிக்கொண்டாள். "நீ போம்மா. சீக்கிரம் போ" என்றாள்.

பெரிய ஆஸ்பத்திரி இரண்டு மணி நேரத் தொலைவு. பாதி வழியில் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் வாலு போய்விட்டாள். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கினார்கள். "இங்க வரும்போதே உயிர் இல்ல" என்று சொல்லி, உள்ளே எதிலும் எழுதாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே லாரியில் தாயும் மகளும் திரும்பி வந்தார்கள்.

நர்சம்மா பதிவேட்டில் எழுதினாள். பெயர், வயது, தெரு. இறந்த இடம் என்ற கட்டத்தில் 'வழியில்' என்று எழுதினாள். அன்று அவள் வாய்விட்டு எண்ணவில்லை. மறுபடியும் தொலைபேசி செய்தாள். அதிகாரி பயிற்சிக்குப் போயிருக்கிறார், அறிக்கை வரட்டும் என்றார்கள். அறிக்கையில் முப்பத்தெட்டு என்று எழுதி, இறப்பு ஒன்று என்று எழுதி, குறிப்பில், 'குழாயைப் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன்' என்று எழுதினாள்.

மே பதினான்காம் தேதி அடுத்த மருந்துப் பெட்டி வந்தது. பதினெட்டுப் பொட்டலம். இந்த முறை அவள் பெட்டியில் கிடந்த அச்சடித்த சீட்டை எடுத்துப் படித்தாள். 'சென்ற மாத வயிற்றுப்போக்கு நோயாளிகள்: 6. வழங்கப்பட்டது: 18.'

ஆறு. முப்பத்தெட்டு எங்கே போயிற்று? இந்த ஆறு எங்கிருந்து வந்தது?

மறுநாள் நிலையத்தைப் பூட்டினாள். பதினான்கு வருடத்தில் வேலை நாளில் பூட்டியது அதுதான் முதல் தடவை. வயிற்றுப்போக்குப் பதிவேட்டை ஒரு பழைய புடவைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்தாள். நடத்துநர் முகத்தைப் பார்த்தார். அன்று கேலி எதுவும் செய்யவில்லை.

மாவட்ட அலுவலகத்தில் அறிக்கைகள் போகும் அறையைக் கண்டுபிடிக்கவே ஒரு மணி நேரம் ஆயிற்று. மருந்துக் கிடங்குக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறை. சுவரோரம் கூரை வரைக்கும் கயிறு கட்டிய காகிதக் கட்டுகள். நடுவில் ஒரு கணினி, அதற்கு முன்னால் ஒல்லியாக ஒரு மனிதர், கழுத்தில் வலிக்குப் பட்டை கட்டியிருந்தார். அவர்தான் கணினி எழுத்தர். எழுபத்தொரு நிலையங்களின் பதினொரு பக்கங்களையும் பத்தாம் தேதிக்குள் ஒற்றை ஆளாக உள்ளே ஏற்றுபவர்.

அவள் எந்த நிலையம் என்று சொன்னாள். அவர் எழுந்து நின்றார்.

"மேட்டு நிலையமா? நீங்களா?" என்றார். "அந்த ரெட்டைப் பொண்ணுங்க நல்லா இருக்கா?"

நர்சம்மாவுக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

"குறிப்பெல்லாம் படிச்சீங்களா?"

"ஒண்ணு விடாம. எழுபத்தொண்ணுல உங்களோடது ஒண்ணுலதான் மனுஷன் பேசற மாதிரி ஏதாவது இருக்கும். உங்க கட்டைக் கடைசியா வெச்சுப்பேன்." பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்: "நலமான்னு கேட்டிருந்தீங்க. பதில் போட இதுல எங்கம்மா இடம் இருக்கு? குறிப்புக்கு இந்த மெஷின்ல கட்டமே கிடையாது."

பல வருடம் அவள் ஏங்கிய பதில் அது. வேறொரு நாளாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பாள். ஆனால் மடியில் பதிவேடு கனத்தது.

"முப்பத்தெட்டுன்னு எழுதியிருந்தேன். ஆறுன்னு வந்திருக்கு."

அவர் கணினியை அவள் பக்கம் திருப்பி, ஒரு கட்டத்தில் முப்பத்தெட்டு என்று அடித்துக் காட்டினார். கட்டம் சிவந்தது. "போன மாசத்தை விட ரெண்டு மடங்குக்கு மேல போனா ஒத்துக்காது. அடுத்த பக்கத்துக்கு விடாது. தப்பான நம்பர் உள்ள வந்துடக் கூடாதுன்னு வெச்சது. சிவப்பு வந்தா நிலையத்தைக் கூப்பிட்டுக் கேக்கணும்னு சட்டம். எழுபத்தொரு நிலையம். எனக்குத் தொலைபேசி குடுக்கல. மேல இருக்கறவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு, எத்தனை நிலையம் ஏறிச்சு? நூத்துக்கு நூறு ஆச்சா? அதனால..."

"அதனால?"

"சிவப்பு வந்தா போன மாச நம்பரைப் போட்டுடுவேன். மார்ச்சுல பத்தொன்பது சிவப்பு. ஆறு போட்டேன். ஆறு போட்டதால ஏப்ரலும் சிவப்பு." கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உங்க ஒன்பதாயிரத்தைத் தொண்ணூறாக்கினதும் நான்தான். கைத்தவறா ரெண்டு பூஜ்யம் கூடிப்போச்சுன்னு நெனச்சேன்."

"எறந்த பிள்ளை?"

"எறந்த எடம் நிலையம், ஆஸ்பத்திரி, வீடுன்னு மூணுதான் இருக்கு. நீங்க 'வழியில்'னு எழுதியிருந்தீங்க."

"அதனால விட்டுட்டீங்க."

"எங்க போடறதுன்னு தெரியலம்மா."

நர்சம்மா எழுந்தாள். அவள் குரல் ஏறவில்லை; அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. "யாரும் படிக்கலன்னு நெனச்சிருந்தேன். அப்படியே இருந்திருக்கலாம். படிச்சிருக்கீங்க. குழாயைப் பாருங்கன்னு நான் கெஞ்சினதைப் படிச்சிருக்கீங்க. படிச்சுட்டு, ஆறு போட்டிருக்கீங்க."

அவர் கழுத்துப் பட்டையை ஒருமுறை தளர்த்தி மறுபடி கட்டிக்கொண்டார். அவள் வாசலுக்குப் போனபோது பின்னால், "அந்தப் பிள்ளைக்கு என்ன வயசும்மா?" என்று கேட்டார். "அதுவும் எழுதியிருந்தேன்" என்றாள் அவள்.

மாவட்ட அதிகாரி ஒரு பெண் டாக்டர். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மாடியில் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. நர்சம்மா கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனாள். சுவரில் பெரிய திரை. எல்லா நிலையமும் பச்சை.

"மேடத்துக்கு இப்ப நேரம் இல்லை" என்றார் ஒருவர்.

"எனக்கும் இல்லைங்க. நிலையத்தைப் பூட்டிட்டு வந்திருக்கேன்" என்றாள் நர்சம்மா.

டாக்டர் அவள் நிலையத்தைத் திரையில் தேடினார். "வயிற்றுப்போக்கு ஆறு. சரியாத்தானே இருக்கு?"

நர்சம்மா துணியை அவிழ்த்துப் பதிவேட்டை மேஜையில் விரித்தாள். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு ஆகாதுன்னு சொல்லுவாங்க மேடம். எங்க ஏட்டுல இருக்கறது நெசச் சுரைக்காய். உங்க திரையில இருக்கறதுதான் வெறும் ஏடு. ஒவ்வொரு பேரா எண்ணிப் பாருங்க."

டாக்டர் விரலை வைத்து எண்ணினார். முப்பத்தெட்டாவது வரியில் விரல் நின்றது. இறந்த இடம் என்ற கட்டத்தைப் படித்தார். விலாசங்களை மறுபடி மேலிருந்து பார்த்தார். "எல்லாம் ஒரே வரிசை வீடு" என்றார் மெதுவாக.

"அதைத்தான் மேடம் ரெண்டு மாசமா சொல்றேன்."

நாலாம் நாள் ஆட்கள் வந்தார்கள். குவாரியில் புதிதாக வைத்த வெடியில் மண்ணுக்குள் குழாய் விரிசல் விட்டு, கழிவு வாய்க்கால் கசிந்து உள்ளே இறங்கியிருந்தது. இரண்டு கை நீளத்துக்குப் புதுக் குழாய் போட்டார்கள். அரை நாள் வேலை. ஜூனில் ஏழு பேர்தான் வந்தார்கள்.

பிறகு விசாரணை வந்தது. தப்பெல்லாம் எழுத்தர் மேல்தான் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். எழுதினால் கதை சுத்தமாக முடிந்துவிடும். நர்சம்மா ஒரு நாள் முழுக்கக் காகிதத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்த ஆள் மேல் அவளுக்கு இன்னும் நெஞ்சு எரிந்தது. ஆனாலும், எழுபத்தொரு நிலையத்துக்கு ஒரே ஆள், தொலைபேசி இல்லை, கேட்டது நூற்றுக்கு நூறு மட்டும் என்பதை எழுதினாள். ஒன்பதாயிரம் என்ற எண் தான் வேண்டுமென்றே போட்டது என்று எழுதினாள். காய்ச்சலில் கிடந்தபோது எடைப் பதிவேட்டில் எழுதியது பொய் என்றும் எழுதினாள். 'என் கணக்கில் பொய் இருந்ததால், மெய் வந்தபோது அதையும் கைத்தவறு என்று நினைக்க இடம் கொடுத்தேன்.' இதற்காக அவளுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எழுத்தரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். போகிறபோது அவர் அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிடுவார் என்று ஒரு வாரம் எதிர்பார்த்திருந்தாள். எதிர்பார்த்ததற்காகத் தன்னையே கடிந்துகொண்டாள்.

அந்த டாக்டர் சும்மா இருக்கவில்லை. பதினொரு பக்கம் நாலு பக்கமாயிற்று. பதினான்கு பதிவேடு ஐந்தாயிற்று. யாருமே பார்க்காத கட்டங்களை ஒவ்வொன்றாக அடிக்கும்போது, "இதை எதுக்குக் கேட்டோம்?" என்று டாக்டர் கேட்டாராம், அறையில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லையாம். எழுத்து அறைக்கு இன்னும் இரண்டு பேரும் ஒரு தொலைபேசியும் வந்தன. சிவப்புக் காட்டினால் எண்ணை மாற்றக் கூடாது, நிலையத்தைக் கூப்பிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எல்லா நர்சுகளையும் வரவழைத்து, அவரவர் எண்ணை அவரவர் முன்னால் வைத்துப் பேசவும் ஏற்பாடு ஆயிற்று.

முதல் கூட்டத்தில் நர்சம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "பாலத்துக்குப் பக்கத்துல எறந்துபோன பிள்ளையை எதுல எழுதறது?"

ஆஸ்பத்திரிக்காரர், வரும்போதே உயிர் இல்லை, எங்கள் கணக்கு இல்லை என்றார். பக்கத்து வட்டாரத்துக்காரர், பாலம் எங்கள் எல்லைதான், பிள்ளை எங்கள் பிள்ளை இல்லை என்றார். இருவர் சொன்னதிலும் தப்பில்லை. அதனால்தான் அந்தப் பிள்ளை எங்கேயும் இல்லை. நர்சம்மா உட்காரவில்லை. "பொறந்தப்போ எங்க பதிவேட்டுல எழுதினேன். ஊசி அஞ்சும் எங்க பதிவேட்டுல இருக்கு. எறந்தது மட்டும் யாரோடது இல்லையா?" என்றாள். அன்று முடிவாகவில்லை. அடுத்த கூட்டத்திலும் இல்லை. மூன்றாவது கூட்டத்தில், நாலாவதாக 'வழியில்' என்று ஒரு கட்டம் சேர்த்தார்கள். பழைய ஏப்ரல் மாதத்தைத் திறந்து, அதில் ஒன்று என்று அடித்ததை அவள் பின்னால் நின்று பார்த்தாள். ஒரு சின்ன ஒன்று. உற்றுப் பார்த்தால்தான் தெரியும்.

மாலைகள் முன்போலத்தான் இருந்தன. பதிவேடுகள் குறைந்ததால் எண்ணுவதற்கு ஆகும் நேரமும் குறைந்துபோனது. மிஞ்சிய நேரத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாசல் பெஞ்சு காலியாகக் கிடந்தது. நோயாளிகள் யாராவது அதில் உட்கார்ந்தால் அவளுக்கு ஒரு கணம் எரிச்சலாக வந்தது. வாலுவின் அம்மா நிலையத்துப் பக்கம் வருவதில்லை. வேலைக்குப் போகும்போது சாலையின் எதிர்ப் பக்கமாக நடந்து, முகத்தைத் திருப்பாமல் போவாள். லாரிப் படியிலிருந்து இறங்கிய கால் இரண்டு பேருக்குமே நினைவிருந்தது.

கணவர் கூப்பிட்டபோது ஒருநாள், "இங்க ஒரு பிள்ளை இருந்தா" என்று ஆரம்பித்தாள். "சொல்லு" என்றார். அவளால் மேலே போக முடியவில்லை. "ஒண்ணுமில்ல. சாப்பிட்டீங்களா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

அந்த 'வழியில்' கட்டம் சேர்த்த நாளன்று, கூட்டம் முடிந்து மதியப் பேருந்தில் திரும்பி வந்துகொண்டிருந்தாள். கடைத்தெரு நிறுத்தத்தில் வாலுவின் அம்மா ஏறினாள். வேறு இடம் இல்லை. ஒரு கணம் நின்று பார்த்துவிட்டு, நர்சம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பையை மடியில் இறுக்கிக்கொண்டாள். பேருந்து ஆற்றுப் பாலத்தில் ஏறியது. இரண்டு பேரும் வெளியே பார்க்கவில்லை.

பாலம் தாண்டியதும் வாலுவின் அம்மா முன் இருக்கையைப் பார்த்தபடியே பேசினாள்.

"எல்லாரும் சொல்றாங்க, நீங்க எதையோ எழுத வெச்சீங்கன்னு."

"ஆமாம்."

"எம் பொண்ணு அதுல இருக்காளா?"

"இருக்கா. இன்னிக்குத்தான் எழுதினாங்க. நான் நின்னு பாத்தேன்."

"பேரோடயா?"

நர்சம்மா பொய் சொல்ல நினைத்தாள். "அந்த மெஷின்ல பேர் வராது. நம்பர்தான். பேர் என் பதிவேட்டுல இருக்கு."

வாலுவின் அம்மா தலையை ஆட்டினாள். ஆமாம் என்பதா, இதற்குத்தானா என்பதா, சொல்ல முடியாது. திருப்பத்தில் பேருந்து நின்றதும் முதலில் இறங்கி, கீழ் வரிசை வீடுகளை நோக்கி நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எதிர்ப் பக்கம் போகாமல் நிலையத்து வாசலை ஒட்டியே நடந்தாள்.

நர்சம்மா கதவைத் திறந்தாள். இருமலோடு மூன்று பேர் காத்திருந்தார்கள். கை கழுவிவிட்டு, "யாரு முதல்ல வந்தது?" என்று கேட்டாள்.